டில்டாவின் ஒன்பது மணித் தூக்கம்

லோர்னா ருவோனாவின் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. அடுப்புக்கு மேலே இருந்தது மெது நேரம் காட்டும். வாசல் கதவுக்கு மேலே இருந்தது வேக நேரம் காட்டும். வீடு மெது நேரத்தில் இருந்தது. வடக்கே காட்டுச் சாலையில் கொஞ்ச தூரம் காரோட்டினால் மாவட்ட எல்லை வரும். அங்கே பனியில் பாதி புதைந்த ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் நேர மண்டலம் மாறி, மணி ஒன்று கூடிவிடும். திரும்பி வந்தால் குறைந்துவிடும். அமெரிக்காவின் மேல் மிஷிகனில் எல்லைக்கு இருபுறமும் போய்வந்து பிழைக்கிறவர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு அழைத்தாலும், பல் பிடுங்க நேரம் வாங்கினாலும், "வேகமா, மெதுவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்.

லோர்னாவுக்கு வேலை வேகப் பக்கத்தில். மரம் அறுக்கும் மில்லில் ரம்பங்களைத் தீட்டும் அறை. பலகை அடுக்கிக்கொண்டே இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய இடம் அது. பெரிய ரம்பத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவி, எது மழுங்கியிருக்கிறது, எது மயிரிழை அளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பலகை கோணலாக வந்தால் காரணம் ஏதோ ஒரு பல்லில் இருக்கும். அந்தப் பல்லைச் சரிசெய்தால் ரம்பம் சரியாகிவிடும். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த அறையில் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் கடைசியில் டில்டா பிறந்தாள்.

முதல் வாரங்களில் பகல் முழுக்கத் தூங்கினாள். பால் குடிக்கும்போது தூங்கினாள், குளிப்பாட்டும்போது தூங்கினாள், பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் தூங்கினாள். வந்தவர்கள் ஏலக்காய் ரொட்டியையும் காப்பியையும் முடித்துவிட்டு, "எவ்வளவு சமத்து" என்று சொல்லிப் போனார்கள். வாசலில் கடைசி கார் கிளம்பி இருட்டியதும் அவள் கண்ணை அகல விழித்துக்கொண்டாள்.

"இவ எந்த நேரத்துல இருக்கா? வேகமா, மெதுவா?" என்று கேட்டான் வெஸ். லோர்னாவின் கணவன், மர லாரி ஓட்டுபவன்.

"ரெண்டுலயும் இல்ல."

"அப்ப மூணாவது கடிகாரம் ஒண்ணு வாங்கிட வேண்டியதுதான்."

புதுக் குழந்தைக்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது, தானாக வந்துவிடும் என்றாள் மருத்துவமனைத் தாதி. எப்போது வரும் என்று லோர்னா கேட்டாள். வரும்போது வரும் என்றாள் தாதி. அதை ஒரு பதிலாக லோர்னாவால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்தாள். அந்தி சாய்ந்ததும் விளக்கைக் குறைத்தாள், குரலையும் குறைத்தாள். நடுவே ஒரு மாதம் டில்டா சாயங்காலம் தோறும் காரணமில்லாமல் அழுதாள். பிறகு, யாரோ குழாயை மூடியதுபோல் அதுவும் நின்றது. செப்டம்பரில் அவள் இரவு முழுக்க என்று சொல்லும்படி தூங்கத் தொடங்கினாள்.

லோர்னா அதைத் தன் வேலை என்று நினைத்தாள். வெளிச்சம், விளக்கு, குரல். மழுங்கிய பல் கிடைத்துவிட்டது. கோழித் தீவனம் வாங்கப் போன கடையில், கேட்காதவளிடமே, "என் பொண்ணு நல்லா தூங்கறா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் இயல்புக்கு அது பெரிய பேச்சு.

நாலாம் மாதம் எல்லாம் கலைந்துபோனது. அதே வெளிச்சம், அதே விளக்கு, அதே குரல். டில்டா மட்டும் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். இந்த வயதில் குழந்தையின் தூக்கமே வேறு மாதிரி ஆகிவிடும், பெரியவர்கள் தூக்கம்போல் ஏறி இறங்கும் என்றாள் அதே தாதி. அப்படியானால் முன்பு சரியானது எதனால் என்று லோர்னா யோசித்தாள். அந்தச் சமயம் பார்த்து, குளிர்காலத்துக்காக வருடாவருடம் செய்வதுபோல், நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளி வைத்தார்கள். பழியைத் தற்காலிகமாக அதன் மேல் போட்டாள்.

நவம்பர் நடுவில், மான் வேட்டை தொடங்கிய வாரம், அவள் விடுப்பு முடிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், மில்லுக்குப் போகும் வழியில், வெஸ்ஸின் சித்தப்பா மகள் ஜோலீன் டெர்வோ வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போகிறவர்கள். பகலில் ஹில்யா என்று ஒரு பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை இருக்கும். மூன்று வயது ஆகப்போகிறது. அந்தச் சாலையில் கைக்குழந்தையை எடுத்துக்கொள்ள ஜோலீனை விட்டால் ஆள் இல்லை.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டாள் ஜோலீன், ஹில்யாவின் பூட்ஸை இழுத்துக் கழற்றியபடி.

"காலைல ஒன்பது மணிக்கு ஒண்ணு. மத்தியானம் ஒரு மணிக்கு ஒண்ணு. சாயங்காலம் குட்டியா ஒண்ணு. அது வந்தா வரும், இல்லாட்டி இல்ல."

"ஒன்பது. ஒண்ணு. சரி, கொண்டா இங்க."

வீட்டில் டில்டா காலையில் தூங்குவது எட்டு மணிக்கு. ஜோலீன் வீட்டில் அது ஒன்பது. பிள்ளைகளுக்கு நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் எதற்குக் கணக்குப் போட வேண்டும் என்று லோர்னா காரிலேயே ஒரு மணி கூட்டி வைத்துக்கொண்டு வந்து சொன்னாள். வழக்கமாக எல்லோரும் கேட்கும் அந்த ஒரு வார்த்தையை அன்று இருவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜோலீன் சொன்னாள்: "கத்தினா. பத்து நிமிஷம் தூங்கினா. திரும்பக் கத்தினா."

மறுநாளும் அதே. அடுத்த வாரமும். சனிக்கிழமை வீட்டில் எட்டு மணிக்குக் கம்பித் தொட்டிலில் போட்டால், டில்டா ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிடுவாள். ஒன்றரை மணி நேரம் அசைவிருக்காது. ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை ஜோலீன் வாசலில் நின்றபடி அதே மூன்று வாக்கியங்களைச் சொல்வாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று லோர்னா ரம்பம் தீட்டும்போதெல்லாம் யோசித்தாள். குழந்தை ஒன்றுதான். கம்பளி ஒன்றுதான். நேரமும் ஒன்றுதான். மாறுவது வீடும் ஆளும். அப்படியானால் டில்டாவுக்கு ஜோலீனைப் பிடிக்கவில்லை. அல்லது ஜோலீனுக்கு டில்டாவைப் பிடிக்கவில்லை. அல்லது தாய் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. மூன்றாவதை நினைக்கும்போது அவள் அரத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

"என் பிள்ளைங்க ஆறும் கட்டை மாதிரி தூங்கிச்சு" என்றார் அந்த அறையின் மூத்தவர் ஹார்லன்.

"உங்க வீட்டம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்களா?"

"அவ வேற மாதிரி சொல்லுவா. அவ எதையும் பெருசாக்குவா, குட்டி."

ஜனவரியில் ஒரு நாள் ஜோலீன் டில்டாவின் பையை உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"லோர்னா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. சனி ஞாயிறு இவ நெசமாவே தூங்கறாளா?"

"தூங்கறா."

"தொட்டில்லயா, உன் மடிலயா?"

"தொட்டில்லதான்."

"ம்ம்."

அந்த "ம்ம்" லோர்னாவின் காதில் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொள்ளவே அவள் விரும்பினாள்.

"எனக்கும் வேற வழியில்ல" என்றாள் ஜோலீன். "இவ கத்தற கத்துல ஹில்யா எழுந்துடறா. ஹில்யா பாதித் தூக்கத்துல எழுந்தா அவளோட அழுகை தனி. ஜூன்ல பள்ளிக்கூடம் மூடிட்டா என்னோட ரெண்டும் வீட்டுலதான். என்னால முடியாதும்மா. பள்ளி மூடற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள தூங்கப் பழகலேன்னா நீ வேற யாரையாவது பாத்துக்க."

"சரி" என்றாள் லோர்னா.

வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வெஸ்ஸின் லாரி விடியும் முன் கிளம்பிவிடும். மில்லில் அவள் மேசைக்கு, பலகை அடுக்கும் இடத்தில் ஒருவன் காத்திருந்தான். ஒரு தடவை எழுந்துவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

அதன் பிறகு இரண்டு பெண்களும் எதையெதையோ செய்து பார்த்தார்கள். ஜோலீன் ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியடித்தாள். மின்விசிறியைச் சுவரைப் பார்த்து ஓடவிட்டாள். லோர்னா தான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் தொட்டில் கம்பியில் கட்டக் கொடுத்தாள். ஜோலீன் தன் பிள்ளைகளை வளர்த்த முறையிலேயே, டில்டாவை மூக்கு மட்டும் தெரியச் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து, பனி பெய்யும் வெளி வராந்தாவில் விட்டாள். முதல் இரண்டு நாள் டில்டா தூங்கினாள். மூன்றாம் நாள் பனியைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"பனியும் பிடிக்கலியாம் மகாராணிக்கு" என்றாள் ஜோலீன்.

இதற்கிடையில் சாயங்காலக் குட்டித் தூக்கம் தானே காணாமல் போனது. உடம்புக்கு முடியவில்லையோ என்று லோர்னா பயந்தாள். பல் முளைக்கிறது என்றாள் ஜோலீன். பல் முளைத்தது. ஆனால் அந்தத் தூக்கம் திரும்பவில்லை. ஏழு, எட்டு மாதத்தில் அதை எல்லாக் குழந்தையும் விட்டுவிடும் என்று தாதி சொன்னாள். எல்லாக் குழந்தையும் செய்வது எது, தன் குழந்தை மட்டும் செய்வது எது என்று லோர்னாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மார்ச்சில் கடிகாரத்தை முன்னே தள்ளும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வெள்ளியன்று லோர்னா காரில் வரும்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மணி மாறுது இல்ல? திங்கக்கிழமை மட்டும் இவளைப் பத்து மணிக்குப் போடு. இவளுக்கு அது ஒன்பது மாதிரிதான் இருக்கும்."

"பத்தா?" ஜோலீன் விரலை மடக்கினாள். "அப்ப பதினொண்ணு. அம்மா தாயே, பத்துக்குப் போடறதுக்கே வீட்டை ரெண்டாக்கறா. பதினொண்ணு வரைக்கும் நான் எங்க போறது?"

"பத்துக்கா போடற?"

"நீதானே சொன்ன."

"நான் ஒன்பதுன்னு சொன்னேன்."

"ஆமா. உன் ஒன்பது. எனக்குப் பத்து."

லோர்னா காலில் ஒட்டியிருந்த பனியைப் படியில் தட்டினாள்.

"இல்ல, ஜோலீன். அது உன் ஒன்பது. எங்க வீட்டுல எட்டு. உனக்காக மாத்திச் சொன்னேன்."

"நீ எதுக்கு மாத்திச் சொன்ன?"

"நீ எதுக்கு மாத்திக் கேட்ட?"

"நீ மெதுப் பக்கத்துக்காரி. மெதுவுலதான் சொல்லுவேன்னு நெனச்சேன். உனக்கு எதுக்குச் சிரமம்னு நானே ஒண்ணு கூட்டிக்கிட்டேன்." ஜோலீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மத்தியானமும் அப்படித்தானா?"

"ஒரு மணின்னு சொன்னேன்."

"ரெண்டு மணிக்குப் போட்டுட்டிருக்கேன். நாலு மாசமா. இந்தக் குழந்தை தெனம் ஒன்பது மணிக்குக் காதை இழுத்து இழுத்துக் காட்டுது, நான் இன்னும் நேரமாகலடின்னு பொம்மையைக் கைல குடுக்கறேன்."

டில்டா ஜோலீனின் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன், லோர்னா. சனி ஞாயிறு தூங்கறான்னு சொன்னியே, அது."

"தெரியும்."

"நீ என்ன நெனச்ச?"

"உனக்கு இவளைப் பிடிக்கலேன்னு."

"அடிப்பாவி" என்றாள் ஜோலீன். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். லோர்னாவுக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. காரில் எல்லையைத் தாண்டிய பிறகு வந்தது. கூடவே கொஞ்சம் அழுகையும் வந்தது.

அடுத்த இரண்டு வாரம் டில்டா ஜோலீன் வீட்டில் தூங்கினாள். காலையும் தூங்கினாள், மத்தியானமும் தூங்கினாள். ஜோலீன் இரண்டு நாள் பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தாளாம். லோர்னா ரம்பத்தைத் தீட்டிக்கொண்டே வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க, ஹார்லன் அது பாட்டா என்று கேட்டார். மழுங்கிய பல் கடைசியில் கிடைத்துவிட்டது. யாரும் கெட்டவர் இல்லை. எல்லாம் ஒரு மணி நேரம்.

மூன்றாம் வாரம் டில்டா எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டாள்.

"நிக்கறா" என்றாள் ஜோலீன் வாசலில். "தொட்டில் கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கறா. திரும்ப உட்காரத் தெரியல. நான் உட்காரவச்சா எழுந்து நிக்கறா. நின்னுக்கிட்டே அழறா."

"எத்தனை மணிக்குப் போட்ட?"

"ஒன்பதுக்கு. என் ஒன்பது, உன் எட்டு, ரெண்டும் ஒண்ணுதான். நேரத்துல தப்பில்ல."

இந்தத் தடவை வீட்டிலும் அப்படித்தான். சனிக்கிழமை எட்டு மணிக்கு அவள் தொட்டிலில் நின்றாள். எட்டரைக்கும் நின்றாள். லோர்னா அறையை விட்டு வெளியே வந்தால் அலறினாள். இத்தனை நாள் யார் வந்தாலும் போனாலும் கவலைப்படாதவள். வீட்டிலும் தூங்கவில்லை என்பதில் தனக்கு ஏன் ஒரு சின்ன நிம்மதி வந்தது என்று லோர்னாவுக்குப் புரியவில்லை. அந்த நிம்மதி அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"கடிகாரம் தப்பா இருந்தப்பவும் தூங்கல, சரியா இருக்கறப்பவும் தூங்கல" என்றான் வெஸ், சனிக்கிழமை நீராவிக் குளியல் எடுக்கும் சவுனாவுக்கு விறகு பிளந்தபடி. "அப்ப கடிகாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தப்பா இருந்தப்ப வீட்டுல தூங்கினாளே."

"அதுவும் சரிதான்."

"நடுவுல ரெண்டு வாரம் ரெண்டு இடத்துலயும் தூங்கினாளே."

"அதுவும் சரிதான். அப்ப ஏன் இப்பத் தூங்கல?"

"தெரியல, வெஸ்."

அவன் கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, உள்ளே போய், தொட்டிலில் நின்றுகொண்டிருந்த மகளுக்கு எப்படி மடங்கி உட்காருவது என்று பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து காட்டினான். டில்டா அழுகையை நிறுத்திவிட்டு அவனை வேடிக்கை பார்த்தாள்.

ஒரு நாள் தானே உட்காரக் கற்றுக்கொண்டாள். அவன் காட்டியதாலா என்று சொல்ல முடியாது. மே மாதம் ஓரளவு ஒழுங்காகப் போனது. லோர்னா இந்த முறை கடையில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜூன் பிறந்ததும் டில்டா காலைத் தூக்கத்தை மறுத்தாள். அழவில்லை. மல்லாந்து படுத்துத் தன் காலைப் பிடித்துக்கொண்டு அதனோடு முழு நேரமும் பேசிக்கொண்டிருந்தாள். அதன் பலனாக மதியச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கை வாயில் வைத்தபடியே, தலை தட்டில் சாய்ந்துவிடும். மறுநாள் அதுவும் மாறும். காலையில் தூங்குவாள், மதியம் மாட்டாள். ஒரு தூக்கம் வேண்டுமா, இரண்டு வேண்டுமா என்று அவளுக்கே தீர்மானம் இல்லை.

பள்ளி மூடும் வெள்ளிக்கிழமை நெருங்கியது. ஜோலீன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. லோர்னாவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். வியாழனன்று வேலை முடிந்ததும் அவள் தன் மேசையைத் துடைத்தாள். அரங்களைத் துணியில் துடைத்து, அடுத்து வருகிறவன் தேடாமல் எடுக்கும்படி பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினாள். ஹார்லன் பார்த்தார். வேலையை விடுவதைத் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் வைத்திருந்தாள்.

வெள்ளி சாயங்காலம் ஜோலீன் வீட்டுப் புல்வெளியில் ஒரு குழாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளைகள் இருவரும் பள்ளிப் பைகளை வாசலிலேயே எறிந்துவிட்டு அதில் நனைந்துகொண்டிருந்தார்கள். படியில் ஜோலீன், ஒரு தொடையில் ஹில்யா, இன்னொன்றில் டில்டா. டில்டாவின் தலைமுடி ஈரமாக இருந்தது.

"இன்னிக்கு எப்படி?" என்றாள் லோர்னா.

"காலைல இல்ல. மத்தியானம் தட்டுல விழுந்தா. ஒரு மணி நேரம்."

"எழுந்தப்ப அழுதாளா?"

"பின்ன?"

"ஹில்யா எழுந்துட்டாளா?"

"ஹில்யா எங்க தூங்கினா? ரெண்டு வாரமா பகல்ல தூங்கறதையே விட்டுட்டா. மூணு வயசாச்சாம், பெரிய மனுஷி. இந்த வீட்டுல எழுப்பிவிட ஆளே இல்ல இப்ப."

"நான் பெரிய மனுஷி" என்றாள் ஹில்யா.

லோர்னா கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "அப்ப..."

"அப்ப என்ன? திங்கக்கிழமை மாத்துத் துணி ரெண்டு கூடக் கொண்டா. தண்ணியைப் பாத்தா பாயறா."

"தூங்கப் பழகினாத்தான்னு சொன்னியே, ஜோலீன்."

"சொன்னேன்." ஜோலீன் டில்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "மாசத்துக்கு ஒருத்தியா மாறிட்டிருக்கா. நான் எவளைப் பழக்கறது? ஒருத்தியைப் பிடிச்சு உட்கார வைக்கறதுக்குள்ள அடுத்தவ வந்துடறா. இந்தா, பிடி உன் பொண்ணை."

அவ்வளவுதான். வேலை போகவில்லை. லோர்னா குழந்தையை வாங்கி, பின் இருக்கையில் கட்டி, காரைக் கிளப்பினாள். சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டே ஓட்டினாள். வந்தது, ஆனால் அதற்கு மேலே ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. இதில் தான் செய்தது என்ன? கடிகாரத்தைச் சரிசெய்தார்கள், பிறகு அது உதவவில்லை. டில்டா பழகவில்லை. வேறொரு வீட்டுக் குழந்தை பகல் தூக்கத்தை விட்டதால் தன் மேசை தன்னிடமே நின்றது. ஹில்யா இன்னும் ஒரு மாதம் தூங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

கண்ணாடியில் பார்த்தபோது டில்டா தூங்கிவிட்டிருந்தாள். வாய் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்து, ஆழ்ந்த தூக்கம். சாயங்காலம் தூங்குவதை அவள் விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இப்போது தூங்கவிட்டால் இரவு போச்சு. எழுப்பினால் சாயங்காலம் போச்சு.

லோர்னா வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கக் கை வரவில்லை. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். வெஸ் வீட்டிலிருந்து இறங்கி வந்து, ஜன்னல் அருகே குனிந்து, பின் இருக்கையைப் பார்த்துவிட்டுக் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தான்.

"ஜோலீன் வச்சுக்கறாளா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் முகம் மலர்ந்தது. "ஏன்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அவன் பின் இருக்கையைக் காட்டி, "எழுப்பணுமா?" என்றான்.

அதற்கும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். வெஸ் காரைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவை ஓசைப்படாமல் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கதவை முழுதாகச் சாத்தாமல் கையால் பிடித்துக்கொண்டான். வெளியே வெயில் இறங்குவதாகத் தெரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.